பார்த்து வரைதல் பழியாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புற மாணவர்க்கென நடத்தப்பெற்ற சித்திரப் போட்டியொன்றில் நடுவர் மூவருள் ஒருவனாக அமர நேர்ந்தது. அன்று எம்முன் வைக்கப்பட்டவற்றுள் இரண்டு சித்திரங்களை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒன்று, வர்ணப் பூச்சிற் குறைகாண முடியாதது. பச்சை மலைச்சரிவு, முதுகிற் கூடை, நெற்றியிற் பொட்டு, கன்னங் குழியச் சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண். மற்றையது, கைத்தொலைபேசியில் விரலால் வரைந்து தாளில் அச்சிட்டெடுத்தது. ஜப்பானியச் சித்திரக்கதை நாயகனான நருட்டோ, இறப்பர் மரமொன்றின் முன்னாற் சற்றே குனிந்து நின்று பால் வெட்டிக்கொண்டிருக்கிறான். முதலாவது சித்திரம் பரிசு பெற்றது. இரண்டாவது, பிறர் படைத்த பாத்திரத்தைப் பார்த்து வரைந்தது என்னும் ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்டது. அன்று நான் வாய்திறவாதிருந்தேன். இக்கட்டுரை அம்மௌனத்திற்கு நான் தேடும் கழுவாய்.

அவ்விரண்டினுள் உண்மையில் நகல் எது? அக்கொழுந்துக்காரியின் சிரிப்பு தேயிலைப் பொதிகளிலும் உல்லாசப் பயணச் சுவரொட்டிகளிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சாகிவரும் சிரிப்பு. அதனை வரைந்த மாணவன் வாழ்வது கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில். அவனுடைய தாய் நாள்தோறுஞ் சுமப்பது பால் வாளி. கொழுந்துக் கூடையை அவன் கண்டது படங்களிலேதான். மற்றைய சித்திரத்தை வரைந்த மாணவியோ, மேலே இடப்புறந் தொடங்கிக் கீழே வலப்புறஞ் சரியும் வெட்டினை அறிந்திருந்தாள். பால் வடியுந் தகட்டினையும் அதன்கீழ்க் கட்டிய சிரட்டையினையும் உரிய இடத்தில் வைத்திருந்தாள். உள்மரத்திற் காயம் படாது பட்டையை மாத்திரஞ் சீவுவதற்கு மணிக்கட்டு எவ்வாறு மடங்கவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. முகம் மசாஷி கிஷிமொத்தோ படைத்த முகந்தான். கத்தியைப் பற்றியிருந்த கை அவளுடைய தந்தையின் கை. நாம் முகத்தை மட்டும் பார்த்தோம், கையைப் பார்க்கவில்லை.

கதைகளிலும் திரைப்படங்களிலும் விளையாட்டுக்களிலும் தாம் கண்டு விரும்பிய பாத்திரங்களை இரசிகர்கள் தம் கையால் மீள வரைவதையே இரசிகர் ஓவியம் என்கிறோம். டிஜிட்டல் கருவிகள் பரவிய பின்னர் இது இளைஞரிடையே பெருவழக்காயிற்று. கொள்ளைநோய்க் காலமாகிய 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசி வழியே நடைபெற்றபோது, கடன்பட்டேனும் ஒரு கைத்தொலைபேசி வாங்கவேண்டிய நிலை லயன் வீடுகள் பலவற்றிற்கு ஏற்பட்டது. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் அக்கருவி வீட்டிலேயே இருந்தது. வர்ணப் பெட்டிக்கும் தூரிகைக்கும் வழியற்றிருந்த பிள்ளைக்கு, ஐபிஸ் பெயின்ற் போன்ற செயலியொன்று தீராத தாளும் வற்றாத வர்ணமுமாயிற்று. ஓர் அடுக்கில் உடலின் எலும்புக்கோட்டையும், அதன்மேல் இன்னோர் அடுக்கில் தசையையும், மூன்றாவதில் ஆடையையும் வரையலாம். பிழைத்ததை மட்டும் அழித்து மீண்டும் வரையலாம். ஆசிரியர் சென்று சேராத இடத்திற்குப் பயிற்சி சென்று சேர்ந்தது.

இம்முயற்சியை எம்மவர் இருவகையில் இகழ்வர். பார்த்து வரைதல் கலையாகாது என்பது ஒன்று. ஜப்பானியப் பாத்திரங்களை வரைதல் அந்நியப் பண்பாட்டிற்கு அடிமையாதல் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் தகும்.

முதலாவது குற்றச்சாட்டினைத் தமிழ் பயின்றோரே கூறுவதுதான் வியப்பிற்குரியது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதனூல், வழிநூல் என வகுத்ததோடு அமையாது, வழிநூலுக்கும் இலக்கணங் கூறிற்று. முன்னோர் நூலைச் சுருக்கிச் செய்யலாம், விரித்துச் செய்யலாம், இரண்டுங் கலந்து செய்யலாம், பிறமொழியிலிருந்து பெயர்த்துஞ் செய்யலாம். கம்பர் தமக்கு முன்னோர் உண்டென்பதை மறைத்தாரல்லர். வான்மீகியின் பாத்திரங்களையே எடுத்துக்கொண்டார். அவற்றை மூலநூலாசிரியன் நிறுத்தாத இடங்களில் நிறுத்தினார். தமிழ்நிலத்துக் காற்றை அவை சுவாசிக்கச் செய்தார். கவிதைக்கு ஆயிரமாண்டுகளாக நாம் வழங்கிவரும் இவ்வுரிமையை, பதினான்கு வயதுப் பிள்ளையின் சித்திரத்திற்கு மறுப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

ஓவிய வரலாறுங் கூறுவது இதனையே. இரவிவர்மா (1848–1906) எண்ணெய் வர்ண நுட்பத்தை, திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியரொருவர் தீட்டுவதை அருகிருந்து பார்த்துக் கற்றார் என்பர். அவர் 1894இல் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த தெய்வப் படங்கள், பின்வந்த நாட்காட்டி ஓவியர்க்குப் பாடநூல்களாயின. நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதிப் பின்னர் கோவிற்பட்டியிற் குடியமர்ந்த கொண்டையராஜு (1898–1976) அம்மரபினை வளர்த்தார். அவரிடம் மாணவராயிருந்தோர் ஆசிரியரின் கோட்டினைப் பார்த்துப் பார்த்தே தம் கோட்டினைக் கண்டனர். எம் தோட்டத்து வீடுகளின் சுவர்களில் மாட்டப்பட்டிருந்த இலக்குமியும் முருகனும் இவ்வாறு கையிலிருந்து கைக்கு வந்த முகங்களே.

இன்னும் அண்மைய உதாரணம் மணியம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்தபோது வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகங்கொடுத்தவர் அவர். அக்கதை பின்னர் மீண்டும் வெளியானபோது பத்மவாசன் முதலிய ஓவியர் அதே பாத்திரங்களைத் தத்தம் பாணியில் வரைந்தனர். மணிரத்தினத்தின் திரைப்படம் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வெளிவந்த காலத்தில் இளைஞர் வரைந்த குந்தவைகளுக்கும் ஆழ்வார்க்கடியான்களுக்கும் அளவில்லை. மணியத்திற்குப் பின்வந்த தொழில்முறை ஓவியரைக் கலைஞர் என்று போற்றும் நாம், அதே பணியை ஊதியமின்றிச் செய்யும் இளைஞரை நகலெடுப்போர் என்று எவ்வாறு தள்ளுவது?

எமது மாணவியின் நருட்டோ பிறந்த ஜப்பானிலும் நிலைமை வேறன்று. ஹொக்குசாய் 1814இல் வெளியிடத் தொடங்கிய 'மங்கா' தொகுதிகள், மாணவர் பார்த்து வரைந்து பழகுவதற்கான மாதிரிச் சுவடிகளாகவே அமைந்தன. நவீன ஜப்பானியச் சித்திரக்கதைக்கு வடிவங்கொடுத்த ஒசாமு தெஸுகா (1928–1989) டிஸ்னியின் பெரும் இரசிகர். 'பம்பி' திரைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். அதனைத் தாமே சித்திரக்கதையாக வரைந்தவர். ஜப்பானியப் பாத்திரங்களின் தனியடையாளமாக நாம் கருதும் அப்பெரிய கண்கள், அமெரிக்க அசைவூட்டச் சித்திரங்களைப் பார்த்து வரைந்த கையிலிருந்து பிறந்தவை. நருட்டோவைப் படைத்த கிஷிமொத்தோவும் இளமையில் அகிரா தொரியாமாவின் பாத்திரங்களை வரைந்து பழகியவர். 1975 டிசம்பரில் தோக்கியோவில், இரசிகர் தாமே வரைந்து அச்சிட்ட சித்திரக்கதைகளுக்கென ஒரு சிறு சந்தை கூடிற்று. சில நூறு பேரே வந்த அச்சந்தைக்கு இன்று இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அந்நாட்டின் தொழில்முறை ஓவியர் பலர் அங்கிருந்தே புறப்பட்டனர். இரசிகனை இகழ்ந்து விரட்டாமையே அந்நாட்டுச் சித்திரக்கதையின் வளத்திற்குரிய காரணங்களுள் ஒன்று.

இனி, பார்த்து வரைவதனாற் கற்கப்படுவது யாது என்னும் வினா எழும். பாத்திரமொன்றை வரையக் கற்பது முகமொன்றை ஒப்பிக்கக் கற்பதன்று. முதலாவது, உடலின் இயக்கத்தை ஒரே வளைகோட்டிற் பிடித்தல். ஓடுபவனுக்கும் ஒளிந்திருப்பவனுக்கும் முதுகெலும்பு ஒரே கோடாக அமையாது. இரண்டாவது, அளவு. தலையை அலகாகக் கொண்டு உடலை அளப்பதை இன்றைய பயிற்சி நூல்கள் புதுமைபோலக் கற்பிக்கின்றன. எமது சிற்பநூல்கள் முகத்தின் நீளத்தைத் தாலம் என அலகாக்கி, அதனைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, ஒன்பது தாலம், பத்துத் தாலம் என உருவங்களுக்கு அளவு வகுத்திருந்தன. குறள் வடிவினர்க்குத் தாலத் தொகையைக் குறைத்தன. பெருந்தலையுங் குறுவுடலுமாக இன்றைய இளைஞர் வரையும் வேடிக்கைப் பாத்திரங்களும் தலைக்கும் உடலுக்குமுள்ள இவ்விகிதத்தை மாற்றியே பிறக்கின்றன. மூன்றாவது, கனவடிவம். தலையை உருண்டையாகவும் மார்பைப் பெட்டியாகவும் கண்டாலன்றி, முன்பக்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப இயலாது. நான்காவது, மெய்ப்பாடு. நகை முதலிய எட்டினையும் புருவம், இமை, உதடு, தோள் ஆகியவற்றின் சிறு அசைவுகளாக மாற்றத் தெரிதல் வேண்டும். இந்நான்கையும் தான் விரும்பாத சாடியொன்றையும் பூச்சட்டியொன்றையும் வைத்து எத்தனை பிள்ளை கற்கும்? விரும்பும் பாத்திரத்தை நூறு முறை வரையச் சொன்னால் நூற்றோராவது முறையும் வரையும். கற்றலுக்கு வேண்டிய சலியாமையை அன்பே தருகிறது.

ஆயினும் எல்லா இரசிகர் ஓவியமும் கற்றலின் விளைவெனக் கூறோம். மூலப்படத்தின்மீது ஓர் அடுக்கினை விரித்து, கோட்டின்மேற் கோடிழுத்து, கீழுள்ளதை அழித்துவிட்டுத் தன் பெயரை ஒப்பமிடுவோர் உளர். அவர் பிறரை ஏமாற்றுவதற்கு முன் தம்மையே ஏமாற்றுகின்றனர். கற்றதற்கும் ஒற்றியதற்கும் வேறுபாடு காண எளிய சோதனையொன்று உண்டு. மூலத்தில் இல்லாத நிலையொன்றில் அப்பாத்திரத்தை வரையச் சொல்லுங்கள். ஒற்றியவன் அங்கே நின்றுவிடுவான். கற்றவனோ தன்னைச் சூழவுள்ளோரைப் பார்க்கத் தொடங்குவான். ஏனெனில் அந்நிலையை அவனுக்குக் கொடுக்க மூலநூலிற் படமில்லை. நருட்டோவின் கையிற் பால்வெட்டும் கத்தியைக் கொடுத்த மாணவி இச்சோதனையைத் தானே தனக்கு வைத்துத் தேறியவள். அதனைத்தான் நாம் நகல் என்று ஒதுக்கினோம்.

உரிமை பற்றியும் ஒரு சொல். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பொன்றைத் தழுவி வேறொன்று செய்யும் உரிமையைப் படைத்தவனுக்கே வழங்குகிறது. நியாயமான பயன்பாட்டிற்கும் இடமளிக்கிறது. பயிற்சிக்காக வரைவது வேறு. பிறர் பாத்திரத்தை மேலங்கியில் அச்சிட்டு விற்பது வேறு. இவ்வேறுபாட்டினைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பதும், படத்தின்கீழ் மூலவரின் பெயரை எழுதப் பழக்குவதும் ஆசிரியர் கடன். அக்கடனை ஆற்றாது பிள்ளையைத் திருடன் என்பது எளிது. கல்கியின் எழுத்துக்கள் தமிழ்நாட்டரசினால் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதையும், அவர் பாத்திரங்களைத் தம் கற்பனையில் வரைய எவர்க்குந் தடையில்லை என்பதையும் எத்தனை மாணவருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

இரண்டாவது குற்றச்சாட்டிற்கு வருவோம். அந்நியப் பண்பாட்டின் ஊடுருவல் என்பதில் உண்மையில்லாமலில்லை. பெருமுதல் கொண்டு உலகெங்கும் விற்கப்படும் பாத்திரங்களே எமது பிள்ளைகளின் கண்முன் நிற்கின்றன. ஆனால் அவ்விடத்திலே வேறெவரை நிறுத்தினோம்? கமிலஸ் பெரேராவின் கஜமன் என்னுஞ் சிங்களக் கேலிச்சித்திரப் பாத்திரம், பத்திரிகைத் தாளிலிருந்து புறப்பட்டு 2023இல் முப்பரிமாண அசைவூட்டத் திரைப்படமாக வெளிவந்தது. புதிய தலைமுறையினர் மீள வரைந்தமையால் அது உயிர்பெற்றது. 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர் படைத்த சவாரித் தம்பர் ஒரு காலத்தில் ஈழத்துத் தமிழ் வீடுகளெங்கும் அறிமுகமானவர். இன்றைய மாணவர் எத்தனை பேர் அவரைக் கண்டிருப்பர்? வரையப்படாத பாத்திரம் மறக்கப்படும். மலையகத்திற்கென மன்மதனும் இரதியும் வீரபத்திரனுந் தோன்றும் காமன் கூத்து உண்டு. பொன்னர் சங்கர் உண்டு. அருச்சுனன் தபசு உண்டு. அரிதாரம், முடி, ஆயுதம், ஆட்டநிலை என வரைவோனுக்கு வேண்டிய யாவும் அங்கே நிறைந்துள்ளன. சி. வி. வேலுப்பிள்ளையின் கதைமாந்தர் இருக்கின்றனர். இவற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதியோர் பலர். பிள்ளைகள் பார்த்து வரையத்தக்க சித்திரங்களாக்கி அவர் கையிற் கொடுத்தோர் எத்தனை பேர்? பரிமாறாத விருந்தை உண்ணவில்லையென்று பிள்ளையைக் கடிதல் முறையன்று.

இவ்விவாதத்திற் புதிதாக ஒரு பொறியும் நுழைந்துள்ளது. 2025 மார்ச்சில், தம் புகைப்படங்களை ஜப்பானின் கிப்ளி நிறுவனத்துத் திரைப்படப் பாணியிற் செயற்கை நுண்ணறிவு கொண்டு மாற்றிப் பகிரும் மோகம் உலகெங்கும் பரவிற்று. இரசிகரின் கையைப் பழித்தோருட் சிலர் இப்பொறியின் படங்களை மனமகிழ்ந்து பகிர்ந்தனர். இனி எவருங் கைவருந்தி வரைய வேண்டியதில்லை என்போருக்கு நான் கூறுவது ஒன்றே. எண்ணற்ற படங்களை உண்டு வளர்ந்த பொறி, அவற்றுள் மிகுந்திருப்பதையே திருப்பித் தரும். தோட்டத்துப் பெண்ணை வரையச் சொன்னால், சுவரொட்டியின் சிரிப்பும் கூடையும் மீண்டும் வந்து நிற்பதற்கே இடமுண்டு. பால் வாளி சுமக்கும் ஒருத்தியின் தோள் எப்பக்கஞ் சாய்கிறது என்பதை, அவளை அன்றாடங் காணும் ஒருவர் வரைந்து வைத்தாலன்றி எப்பொறியும் அறியாது. பொறியிடம் கேட்டுப் படம் பெறலாம். பார்க்கக் கற்ற கண்ணைப் பெற முடியாது.

இங்கேதான் இப்பொருள் பொழுதுபோக்கின் எல்லையைக் கடக்கிறது. 2023இல் 'மலையகம் 200' என எம் மக்கள் இந்நாட்டிற்கு வந்த இருநூறாண்டுகளை நினைவுகூர்ந்தோம். அவ்விருநூறாண்டுகளில் எம் முகங்களைப் பெரும்பாலும் வரைந்தோரும் படம்பிடித்தோரும் பிறரே. தேயிலை வணிகருக்கு வேண்டிய முகம், பயணிக்கு வேண்டிய முகம், அனுதாபங் கொள்வோருக்கு வேண்டிய முகம் ஆகியவை நிறையவே உள்ளன. 2016 மே 17இல் புளத்கோப்பிட்டி களுப்பான தோட்டத்து லயன் வீடுகள் மண்சரிவிற் புதைந்தபோது, உயிரோடு உடைமையும் புகைப்படங்களுஞ் சேர்ந்தே மண்ணுட் போயின. தன் பாட்டியின் முகத்தை நினைவிலிருந்து வரையத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு தோட்டத்திலும் வேண்டும் என நான் வாதாடுவது இதனாலேயே. நினைவிலிருந்து வரையும் ஆற்றல் ஒரே நாளில் வாராது. அது நருட்டோவில் தொடங்கினாலும் தொடங்கட்டும்.

கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்திலிருந்து அகழப்படும் பென்சிற்கரி, தூய்மைக்குப் பெயர்பெற்று நெடுங்காலமாகக் கடல்கடந்து செல்கிறது. பென்சிலின் உயிர்நாடியான அக்கனியம் விளையும் மாவட்டத்தில், ஒரு பிள்ளைக்குப் பென்சில் பிடித்து வரையக் கற்பிக்க ஆளில்லை என்பது நாணத்தக்கது. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியில் அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. க.பொ.த. சாதாரண தரத்தில் சித்திரம் ஓர் அழகியற் பாடம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும் தமிழிற் காண்பியக் கலை கற்பிக்கின்றன. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்நிறுவனங்களுக்கும் இடையே பாதை இல்லை. உள்ளூர்ப் போட்டி மேசையிலேயே அவள் திருப்பியனுப்பப்படுகிறாள்.

ஆகவே தமிழ்ச் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள். நாம் நடத்தும் போட்டிகளில் எண்ணிம ஓவியத்திற்கும் இரசிகர் ஓவியத்திற்குந் தனிப்பிரிவு வகுத்து, மூலவரின் பெயரைக் கூறுதலை நிபந்தனையாக்குவோம். உடலளவும் மெய்ப்பாடும் கற்பிக்கும் சிறு பயிற்சி நூலொன்றை, தாலக் கணக்கும் கூத்துப் பாத்திரங்களும் எடுத்துக்காட்டாக அமைய, தமிழில் எழுதி இலவசமாக வழங்குவோம். இவ்விதழின் அடுத்த ஆண்டு மலருக்கான சித்திரங்களைத் தோட்டப் பாடசாலை மாணவரிடமே கேட்டுப் பெறுவோம். இவற்றிற்குப் பெருநிதி வேண்டியதில்லை.

அம்மாணவியின் பெயர் எனக்கு நினைவில்லை. அவள் வரைந்த மணிக்கட்டு நினைவிலுள்ளது. கடன்வாங்கிய அம்முகத்தை அவள் ஒருநாள் தானே அழித்துவிட்டு, அங்கே வேறொரு முகத்தை வரையக்கூடும். ஒருகால் ஏற்கெனவே வரைந்திருக்கவுங் கூடும். அல்லது எமது தீர்ப்பைக் கேட்டு வரைவதையே விட்டிருக்கவுங் கூடும். இனி நடுவராய் அமரும் நண்பர்கள், 'இது யாருடைய பாத்திரம்?' என வினவுமுன், 'இக்கையை இப்பிள்ளை எங்கே கண்டது?' என ஒருமுறை வினவுவார்களாக.